திரைக்காப்பு

காப்பு என்ற சொல்லுக்குத் தமிழில் தனிக் கௌரவம் உண்டு. நூலின் முதலில் பாடுவது காப்பு. கொடியேற்றத்துக்கு முன் கட்டுவது காப்பு. குழந்தையின் கையில் போடுவதும் காப்பு. மூன்றிலும் ஒரு பயம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வந்து நல்லதைக் கெடுத்துவிடும். அதற்கு முன்னால் ஒன்றை நிறுத்தி வைக்கவேண்டும். கம்ப்யூட்டரின் ஸ்கிரீன் சேவருக்குத் திரைக்காப்பு என்று பெயர் வைத்தவர் இதையெல்லாம் யோசித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் சொல் சரியாக விழுந்துவிட்டது. கலைச்சொல் ஆக்குகிறவர்களுக்கு இப்படி அதிர்ஷ்டம் அடிப்பது அபூர்வம்.

ஏனென்றால் இங்கேயும் பயம் நிஜமானது. பழைய மானிட்டர் ஒரு கண்ணாடிக் குழல். முகப்பின் உட்புறத்தில் ஒளிரும் பூச்சு ஒன்று பூசியிருக்கும். பின்னாலிருந்து எலெக்ட்ரான் கற்றை வந்து மோதும் இடம் ஒளிரும். ஒரே எழுத்து ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் அந்த இடத்துப் பூச்சு மட்டும் களைத்துப்போகும். பிறகு மின்சாரத்தை நிறுத்தினாலும் எழுத்தின் நிழல் கண்ணாடியில் நிற்கும். ஒரு வங்கியில் அணைந்து கிடந்த பச்சைத் திரையில் ‘கணக்கு எண்’ என்று கேட்கும் ஆங்கில வரியை நானே படித்திருக்கிறேன். கேள்வி கேட்கிற இயந்திரம் செத்துப்போய், கேள்வி மட்டும் மிஞ்சி நின்றது. நம் புதுக்கவிதைக்காரர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை போலும். பார்த்திருந்தால் விட்டு வைத்திருக்க மாட்டார்கள்.

1983 டிசம்பரில் ஸாஃப்ட்டாக் என்ற அமெரிக்கப் பத்திரிகையில் ஜான் ஸோச்சா என்பவர் எழுதிய சிறு நிரல் ஒன்று வெளிவந்தது. சில நிமிஷங்கள் யாரும் விசையைத் தொடாவிட்டால் திரை இருண்டுவிடும். தொட்டால் மறுபடி வரும். அவ்வளவுதான். படம் இல்லை, அசைவு இல்லை. காரியத்துக்குத் தேவையானது இருட்டு. அதை மட்டும் அவர் செய்தார். அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் இருட்டை மனிதன் எந்தக் காலத்தில் சும்மா விட்டான்? 1989-ல் பெர்க்லி ஸிஸ்டம்ஸ் என்ற கம்பெனி ஆஃப்டர் டார்க் என்ற தொகுப்பை மெக்கிண்டாஷுக்காகக் கொண்டுவந்தது. அதில் ரொட்டி வாட்டும் டோஸ்டர்களுக்கு இறக்கை முளைத்துத் திரையின் குறுக்கே பறந்தன. கூடவே வாட்டிய ரொட்டிகளும் பறந்தன. ரொட்டி எவ்வளவு வாடியிருக்க வேண்டும் என்பதை நாமே ஒரு கட்டையை நகர்த்தி வைத்துக்கொள்ளலாம், வெளுப்பிலிருந்து கருகல்வரை. உலகம் முழுக்க அலுவலகங்களில் படித்த மனிதர்கள் உட்கார்ந்து இந்தக் கட்டையை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். இறக்கை வைத்த டோஸ்டர் எங்களுடைய 1973-ம் வருஷத்து இசைத்தட்டின் அட்டையில் இருந்தது என்று ஜெஃபர்ஸன் ஏர்ப்ளேன் என்ற பாட்டுக் கோஷ்டி கோர்ட்டுக்குப் போய்த் தோற்றதும் நடந்தது.

இந்த வகையில் எனக்குப் பிடித்தது 1992-ல் வந்த ஜானி காஸ்ட்டவே. கப்பல் உடைந்து ஒரு தென்னைமரத் தீவில் தனியாகக் கிடக்கும் ஒருவன். மீன் பிடிப்பான், ஓடுவான், தூங்குவான். நாம் இல்லாதபோது மட்டும்தான் அவன் வாழ்க்கை நடக்கும். மவுஸைத் தொட்டால் தீவே மறைந்துவிடும். மற்றவை அலங்காரம். இது மட்டும் அந்தச் சாதனத்தின் இயல்பைப் புரிந்துகொண்டு பண்ணியது. விண்டோஸோடு வந்த குழாய்களும் நட்சத்திரங்களும் செங்கல் சுவர்ப் புதிர்வழியும், சலூனில் நாற்காலிக்கு எதிரே மாட்டுகிற காட்சிப் படங்களுக்கு மேலே போகவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது தென்காசியில். காசி விஸ்வநாதர் கோவிலுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் 1997 முதல் சில வருஷங்கள் ஒருவர் டிடிபி சென்டர் வைத்திருந்தார். எங்கள் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. கோபுர வாசலில் மேற்கேயிருந்து வரும் காற்று ஆளைத் தள்ளுவது ஊர் அறிந்த விஷயம். அந்தக் காற்றில் ஒரு பங்கு கடைக்குள்ளும் வந்து காகிதங்களைப் புரட்டும். 1990-ல் கும்பாபிஷேகம் ஆகிப் புதிதாக எழுந்து நின்ற கோபுரம் அது. மொட்டைக் கோபுரம் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, அண்ணாந்தால் கண் போய் முட்டும் இடம் மாறிப்போயிருந்தது. அது பழகப் பல வருஷம் ஆயிற்று.

கடையின் வருமானம் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும். நஷ்டம் எங்கள் பத்திரிகை. நாற்பத்தெட்டுப் பக்கத்தை அவர் பேஜ்மேக்கரில் கோத்துக் கொடுத்துவிட்டு, ஒற்றைப் பக்கத்தில் முடியும் கவிதைகளை மட்டும் இரண்டு தடவை படிப்பார். தானும் எழுதுவார் என்பது எங்களுக்கு வெகுநாள் தெரியாது. எழுதியது எதையும் அவர் காகிதத்தில் அடித்ததில்லை. விண்டோஸில் ஓடும் எழுத்துத் திரைக்காப்பு என்று ஒன்று இருந்தது. நாம் கொடுக்கும் வரி வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருக்கும். வேகம், நிறம், எழுத்துரு எல்லாம் நம் இஷ்டம். பெரும்பாலான கடைகளில் அதில் கடையின் பெயர் ஓடும், அல்லது சாமி பெயர். அண்ணாச்சி அதில் தன் வரியைப் போட்டிருந்தார். வாரத்துக்கு ஒரு வரி. பத்திரிகை அடிக்க வந்து உட்கார்ந்திருக்கும் பெண்வீட்டார் அதைப் பார்ப்பார்கள். யாரும் ஒன்றும் கேட்டதில்லை. வாசகர்களைப் பற்றி எங்கள் வட்டத்தில் அந்தக் காலத்தில் நடந்த சர்ச்சைகளை நினைத்துப் பார்க்கிறேன். முந்நூறு பிரதியா ஐந்நூறு பிரதியா என்று நாங்கள் அடித்துக்கொண்டிருந்தபோது, ஒரே பிரதி அச்சிட்டு அதையும் வாரம் முடிந்ததும் அழித்துக்கொண்டிருந்தார் ஒருவர்.

எழுத்துரு விஷயத்தையும் சொல்லவேண்டும். யூனிகோட் புழக்கத்துக்கு வராத காலம். கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. ரோமன் எழுத்துக்களின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்து ஏமாற்றுவதுதான் வழி. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்பது நான்கு ரோமன் எழுத்தும் நடுவே ஓர் அரைப்புள்ளியும். இயந்திரத்தின் நினைவில் இருப்பது அந்த உளறல்தான். மேலே சட்டை மாதிரி எழுத்துருவைப் போர்த்தினால் தமிழ். ஒரு தடவை யாரோ எழுத்துருவைத் தவறுதலாக நீக்கிவிட, அந்த வாரத்து வரி ரோமன் குப்பையாக இரண்டு நாள் ஓடிற்று. அண்ணாச்சி அதை மாற்றவில்லை. இப்போதுதான் சரியாக இருக்கிறது என்றார். கொஞ்சம் நாடகத்தனம் என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜூன் பிறந்தால் தென்காசியில் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: தண்ணி விழுதா? ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வந்து சாரலாக இறங்கும். ஐந்து கிலோமீட்டரில் குற்றாலம். பேரருவியில் விழுகிறதா, ஐந்தருவியில் ஐந்தும் பிரிந்து விழுகிறதா, பழைய குற்றாலத்தில் கூட்டம் எப்படி என்று பஸ் கண்டக்டரிடமிருந்து செய்தி வரும். ரசிகமணி டி.கே.சி. கடைசிக் காலத்தில் வந்து தங்கிய ஊர்; கலாப்ரியா கவிதைப் பட்டறை நடத்திய ஊர்; திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடிய ஊர். அருவியைப் பற்றி எழுதாமல் தப்பித்த தமிழ் எழுத்தாளன் குறைவு. அருவியும் அதையெல்லாம் பொருட்படுத்தாமல் விழுந்துகொண்டிருக்கிறது.

அப்படிப்பட்ட ஊரில் அண்ணாச்சியின் இரண்டாவது கம்ப்யூட்டரில் அயல்நாட்டு அருவி ஒன்று விழுந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு குறுந்தகடு இலவசமாக வந்த காலம். அதில் வந்த திரைக்காப்பு. ஊசியிலை மரங்கள், பாறை, நடுவே தண்ணீர். உண்மையில் அது ஒரே புகைப்படம். தண்ணீர் இருக்கும் பகுதியை மட்டும் கணிப்பின் மூலம் கீழ்நோக்கி அலைக்கழிப்பார்கள், மற்றதெல்லாம் அசையாது. டீக்கடையில் மாட்டியிருக்கும் அருவி விளக்கு தெரியுமல்லவா, உள்ளே பல்பின் சூட்டில் ஓர் உருளை சுற்ற, பிளாஸ்டிக் படத்தில் தண்ணீர் ஓடுவதுபோல் இருக்கும், அதேதான். கூடுதலாக வேகம், ஓசை, பனிமூட்டம் எல்லாவற்றுக்கும் கட்டைகள். கட்டையை இடது கோடிக்குத் தள்ளினால் அருவி நின்றுவிடும். வலது கோடிக்குத் தள்ளினால் வெறிபிடித்த மாதிரி கொட்டும். கேரளத்திலிருந்து சீஸனுக்கு வந்தவர் ஒருவர், தண்ணீர் வற்றிப்போன வருஷத்தில், ஜெராக்ஸ் எடுக்க வந்த இடத்தில் இதைப் பார்த்துவிட்டு, இதற்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்து ரூம் எடுத்திருக்க வேண்டாம் என்று சிரித்தார்.

நம் புகைப்படத்தையே கொடுத்து இப்படிச் செய்துகொள்ளவும் வழி இருந்தது. படத்தை ஏற்றி, எது தண்ணீர் என்பதை மவுஸால் கோடு போட்டுக் காட்டவேண்டும். கோட்டுக்குள் இருப்பது ஓடும். கோட்டுக்கு வெளியே இருப்பது நிற்கும். அண்ணாச்சி எடுத்துக்கொண்டது வீட்டு ஆல்பத்தில் இருந்த ஒரு படம். பேரருவியில் படம் பிடித்துப் பிழைக்கும் போட்டோக்காரர் ஒருவர் எழுபதுகளின் கடைசியில் எடுத்தது. கலர் சிவந்து போயிருந்தது. அண்ணாச்சியின் அப்பா தலையில் எண்ணெயோடு, வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, வலது கையை மேலே தூக்கியபடி அருவிக்கடியில் நிற்கிறார். பக்கத்தில் முகம் தெரியாத இரண்டு மூன்று பேர். அப்பா இறந்து அப்போது பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

செத்தவர்களின் படங்களைத் திருத்துவது அவருக்குத் தொழில். கண்ணீர் அஞ்சலிக்காகக் கொண்டுவரும் ரேஷன் கார்டுப் படத்திலிருந்து ஆளைப் பிரித்தெடுத்து, சட்டைக்குக் காலர் போட்டு, மீசையைக் கறுப்பாக்கிக் கொடுப்பார். கை நடுங்காது. ஆனால் இந்தப் படத்தில் கோடு போட அவருக்கு நான்கு ராத்திரி பிடித்தது. நான் இரண்டு ராத்திரி கூட இருந்தேன். எது தண்ணீர்? பாறைக்கு முன்னால் வெள்ளையாக விழுவது தண்ணீர், சரி. பாறைமேல் மினுங்கும் ஈரம் தண்ணீரா பாறையா? முன்னால் நிற்கும் சாரல் புகை? எண்ணெய் வழிந்த தோளில் உடைந்து தெறிப்பது? அருவியில் குளிக்கிறவனுக்குத் தண்ணீர் எங்கே முடிந்து தான் எங்கே ஆரம்பிக்கிறான் என்று தெரியாது. தெரியாமல் போவதற்காகத்தான் இத்தனை ஊரிலிருந்து ஜனங்கள் வருகிறார்கள். அந்தத் தெரியாத கோட்டை மவுஸால் வரையச் சொன்னது நிரல்.

அப்பாவின் உடம்பைக் கோட்டுக்குள் விட்டால் தண்ணீரோடு அதுவும் நெளிந்தது. முகம் இழுபட்டுக் கீழே வழிந்து மறுபடி மேலே வந்து வழிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. ஆகவே அண்ணாச்சி உடம்பைச் சுற்றி நெருக்கமாகக் கோடு போட்டு வெளியே எடுத்துவிட்டார். தூக்கிய கை, விரல்களுக்கு நடுவேயுள்ள இடைவெளி எல்லாம் பிசிறில்லாமல் வந்தது. வேலை முடிந்து ஐந்து நிமிஷம் காத்திருந்தோம். திரை இருண்டு, அருவி வந்தது. சுற்றிலும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்க, நடுவில் அவர் நின்றார். நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் மத்தியானம் அம்மா தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுவந்தார். அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “ஏல, அவுக மேல மட்டும் தண்ணி விழலியே” என்றார்.

இதை எங்கள் வட்டத்தில் சொன்னபோது ஒருவர் உடனே இதில் கலை எங்கே இருக்கிறது என்று ஆரம்பித்தார். போலிச் சலனம், மலிவான உருக்கம், சாதனத்தின் வித்தையை அனுபவமென்று நினைத்துக்கொள்ளும் மயக்கம், இன்ன பிற. அவர் சொன்னதில் பாதி சரி. டோஸ்டருக்கும் குழாய்க்கும் அது முழுக்கப் பொருந்தும். புகைப்படம் தன் நிலையில் முழுமையானது, அதை அசைப்பது அதன் மௌனத்தைக் கெடுப்பது என்றும் சொன்னார். எனக்கு அங்கேதான் சம்மதமில்லை. அவரை நான் சித்திர சபைக்குக் கூட்டிப்போகவில்லை. அவர் எத்தனையோ தடவை போனவர். ஐந்து சபைகளில் குற்றாலத்தில் உள்ளது சித்திர சபை. கூத்தன் அங்கே சுவரில் ஓவியமாக இருக்கிறான். மார்கழித் திருவாதிரையில் அந்தச் சுவருக்குத்தான் தாண்டவ தீபாராதனை. தீபம் இடமும் வலமும் போக, சுவரில் கோடுகள் விழித்துக்கொண்டு கால் தூக்குகின்றன. ஆடுகிறவனை ஓவியமாக்கி நிறுத்திவிட்டு, பிறகு ஒரு விளக்கை ஆட்டி அவனை ஆடவைக்கிறோம். இதுவும் வித்தைதான். வித்தை என்பதால் அங்கே யாருக்கும் ரோமாஞ்சனம் குறையவில்லை. கையில் விளக்கு வைத்திருப்பவருக்கு எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்திருப்பதும், நிரலுக்குத் தெரியாததும்தான் வித்தியாசம். தீபாராதனை முடிந்து கதவு சாத்துகிறார்கள். திரையில் அருவி, யாராவது தொடுகிறவரை, முப்பது வினாடிக்கு ஒரு தடவை அதே தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கிறது.

அண்ணாச்சி மறுபடி கோடு போட்டார். இந்தத் தடவை உடம்பை முழுக்க வெளியே எடுக்கவில்லை. தோளையும் உச்சந்தலையையும் தூக்கிய முன்கையையும் மெல்லிய கீற்றுகளாக உள்ளே விட்டார். முகம் வெளியே. வேகக் கட்டையை வெகுவாகக் குறைத்தார். தோள் நெளிந்தது. எண்ணெய் மினுமினுப்பு வழிவது மாதிரி இருந்தது. தொழில் தெரிந்தவன் பார்த்தால் தப்பு என்று சொல்லுவான். அம்மா சரி என்றார்.

அதற்குப் பிறகு அம்மா தினமும் மத்தியானம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து போவது வழக்கமாயிற்று. அதில் ஒரு சங்கடம். யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் அது வராது. ஐந்து நிமிஷம் ஒருவரும் தொடக்கூடாது. கடையில் வேலை செய்த பையனிடம், “கொஞ்சம் கைய எடுத்துட்டு இரு தம்பி” என்பார். அவனும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பத்திரிகை அடிக்க வந்தவர்கள் கரண்ட் இல்லை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அண்ணாச்சிக்கு இதில் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் பார்த்தால், எங்கள் பத்திரிகையை விடக் குறைவாகத்தான் இருக்கும்.

மானிட்டர்கள் தட்டையாயின. திரவப் படிகத் திரைக்கு அந்தப் பழைய பயம் இல்லை. இருண்டுகிடந்தால் மின்சாரம் மிச்சம். அருவி விழுந்தால் செலவு. 1999 மே மாதம் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஸெட்டி அட் ஹோம் என்ற திட்டம் மட்டும் திரைக்காப்புக்கு ஒரு காரியம் கொடுத்தது: உலகெங்கும் சும்மாயிருக்கும் கம்ப்யூட்டர்களை வைத்து, வானத்திலிருந்து வரும் ரேடியோ இரைச்சலில் யாராவது பேசுகிறார்களா என்று தேடினார்கள். 2020 மார்ச்சோடு அதுவும் வேலை கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. மத்தளம்பாறையில் ஸோஹோ கம்பெனி வந்து, குற்றாலத்து மலையைப் பார்த்தபடி பிள்ளைகள் கம்ப்யூட்டர் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய திரைகள் சும்மாயிருந்தால் கறுத்துவிடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், இப்போதைய செல்போன்களில் உள்ள ஓலெட் திரைக்கு எரிந்து பதிகிற வியாதி திரும்பி வந்திருக்கிறது. எப்போதும் தெரியும் கடிகாரத்தை நமக்குத் தெரியாமல் அங்குமிங்கும் நகர்த்தி அதைக் காக்கிறார்கள்.

2024 மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் நிமிஷத்தில் வெள்ளம் வந்து, குளித்துக்கொண்டிருந்த கூட்டம் சிதறியது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். யாரோ எடுத்த சில வினாடிக் காட்சி அன்று ராத்திரியே எல்லார் கையிலும் ஓடிற்று. முடிந்ததும் தானாக முதலிலிருந்து வந்தது. டீக்கடையில் என் பக்கத்தில் இருந்தவர் அதைப் பத்துத் தடவைக்கு மேல் ஓடவிட்டார். ஜனங்கள் படியேறி ஓடினார்கள், மறுபடி கீழே குளித்துக்கொண்டிருந்தார்கள், மறுபடி ஓடினார்கள். அவரைத் தடுக்கலாம் போலிருந்தது. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணாச்சி இப்போது ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கிறார். புது விண்டோஸில் பழைய அருவி ஓடவில்லை. பழைய இயந்திரம் ஆக்கர் கடைக்குப் போய்விட்டது. அம்மா 2011 வரை இருந்தார். பார்வை மங்கிய பிறகும் கடைக்கு வருவதை நிறுத்தவில்லை. பையன் எழுந்து போனதும் திரைக்கு முன்னால் உட்காருவார். ஐந்து நிமிஷத்தில் அது கறுக்கும். “கரண்டு போயிட்டா?” என்பார். “இல்லம்மா” என்று அண்ணாச்சி வந்து மவுஸை அசைப்பார். பாதி அடித்த கல்யாணப் பத்திரிகை வரும்.